எண் போட்ட கோடு

உனக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை. சுதா விழுப்புரத்திலிருந்து வந்திருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே காலை நீட்டி உட்கார்ந்து, நகங்களுக்குச் சிவப்பு நெயில்பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். நான் உள்ளே கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். அந்த வாசனை அறைக்குள் வந்ததும் எனக்கு நம் பட்டறையும் லேத்தும்தான் ஞாபகம் வந்தன. வேறு யாரைக் கேட்டாலும் அந்த வாசனைக்குக் கல்யாண வீட்டைச் சொல்வார்கள். எனக்கு மட்டும் இரும்பு.

எழுந்து போய் இதை அவளிடம் சொன்னேன். பிரஷ்ஷை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அம்மா எம் பாட்டில எடுத்துக்கினு போச்சி, கடைசி வரைக்கும் திருப்பிக் குடுக்கவே இல்லப்பா" என்றாள்.

அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்ததிலிருந்து உன்னிடம் பேச வேண்டும் போல இருக்கிறது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் நான் உனக்கு ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. எழுதும் அளவுக்கு நாம் பிரிந்து இருந்ததும் இல்லை. பட்டறையிலிருந்து குரல் கொடுத்தால் வீட்டில் கேட்கும். அதனால் இதுதான் முதல் கடிதம். எழுத்துப்பிழை இருந்தால் வழக்கம்போல நீயே திருத்திப் படித்துக்கொள்.

என் கண் மங்க ஆரம்பித்தது எப்போது என்று எனக்கே சரியாகத் தெரியாது. முதலில் பல்பின் மேல் பழியைப் போட்டேன். பட்டறையில் மூன்று முறை பல்பு மாற்றினேன். பிறகு கரண்டு கம்மியாக வருகிறது என்றேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் உன் அண்ணன் எதிரே வந்து சிரித்தபோது யாரோ என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டேன். எனக்குத் திமிர் ஏறிவிட்டது என்று அவர் உங்கள் ஊர் கண்டமங்கலம் முழுக்கச் சொல்லி வைத்தார். ஆறு மாதம் நம் வீட்டுப் பக்கமே வரவில்லை. நீ கேட்டபோது, ஏதோ யோசனையில் போய்விட்டேன் என்று மழுப்பினேன். கண் தெரியவில்லை என்று சொல்வதைவிடத் திமிர் பிடித்தவன் என்ற பெயர் எனக்குக் கௌரவமாகப் பட்டது.

பயம்தான் காரணம். லேத்தில் கடைசல் வேலை செய்கிறவனுக்குக் கண் போய்விட்டது என்று தெரிந்தால் எவன் இரும்பு ராடு எடுத்துக்கொண்டு வருவான்? மரக்காணம் ரோட்டில் நம்மைத் தாண்டினால் இன்னும் இரண்டு பட்டறை இருந்தது. சுதா அப்போதுதான் காலேஜில் சேர்ந்திருந்தாள். எனக்கு வேறு எந்த வேலையும் தெரியாது.

ஓரளவுக்குச் சமாளிக்கவும் முடிந்தது. கடைசலில் பாதி வேலை விரலிலும் காதிலும் இருக்கிறது. தடிமன் பார்க்கும் காலிப்பரை ராடின் மேல் நழுவ விட்டால் இன்னும் எவ்வளவு எடுக்க வேண்டும் என்று விரலே சொல்லிவிடும். இரும்பைச் சீவும் டூல் மழுங்கினால் சத்தம் மாறும். அளவு பார்க்க வேண்டுமென்றால் வெளிச்சத்துக்கு வருவதுபோல வாசலுக்கு வந்து, கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்த்துக்கொள்வேன். நட்டு ஏறுகிற மரை போடும்போதுதான் சிக்கல்.

உனக்குத் தெரிந்ததுதான். முதல் நாள் உனக்குச் சொன்ன மாதிரி இன்னொரு தடவை சொல்லிப் பார்க்க ஆசையாக இருக்கிறது, கேட்டுக்கொள். ஒரு ராடில் மரை போடுவது ஒரே வெட்டில் முடிகிற வேலை இல்லை. டூல் முதலில் ஓடும்போது சுருளாக மெல்லிய கோடு ஒன்றைக் கீறிக்கொண்டு போகும். டூலை வெளியே இழுத்து, லீவரைத் திறந்து டூல் வண்டியை மெஷினின் பிடியிலிருந்து விடுவித்து, அதைக் கையால் பழைய இடத்துக்கு உருட்டிக்கொண்டு வந்து, இம்மி ஆழம் கூட்டி, மறுபடியும் லீவரைப் போட்டு ஓட விட வேண்டும். இப்படிப் பத்துப் பன்னிரண்டு தடவை. ஒவ்வொரு தடவையும் டூல் முதலில் போன அதே பள்ளத்தில் இறங்க வேண்டும். எந்த நொடியில் லீவரைப் போட்டால் அப்படி இறங்கும் என்று காட்டத்தான் வண்டியின் ஓரத்தில் அந்தச் சின்ன டயல் இருக்கிறது. கைக்கடிகாரம் அளவுக்கு ஒரு வட்டம். அதில் எட்டுக் கோடு. ஒன்று விட்டு ஒன்றுக்கு, ஒன்று முதல் நாலு வரை எண் போட்டிருக்கும். மற்ற நாலும் எண் இல்லாத வெறும் கோடுகள். மெஷின் ஓடும்போது அந்த வட்டம் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். கோடு குறிக்கு நேராக வரும்போது லீவரைப் போட வேண்டும். இஞ்சுக்கு எட்டு மரை, பத்து மரை என்று இரட்டைப்படையாக இருந்தால் எட்டில் எந்தக் கோட்டில் போட்டாலும் சரிதான். ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையாக இருந்தால் எண் போட்ட கோட்டில் மட்டும்தான் போட வேண்டும். மாற்றிப் போட்டால் டூல் பள்ளத்தை விட்டுவிட்டு, இரண்டு பள்ளத்துக்கும் நடுவே இருக்கும் மேட்டை உழுதுகொண்டு போய்விடும். அதற்குமேல் அந்த ராடை எடைக்குத்தான் போட முடியும்.

எனக்கு அந்த டயலில் கோடும் தெரியவில்லை, எண்ணும் தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று சுற்றுவது மட்டும் தெரிந்தது. அதனால் ஒரு குறுக்கு வழி பிடித்தேன். லீவரைத் திறக்காமலே, சுவிட்சைத் திருப்பி மோட்டாரைப் பின்பக்கமாக ஓட விட்டேன். போன வழியிலேயே வண்டி திரும்பி வந்துவிடும். டயலைப் பார்க்கவே தேவையில்லை. நேரம்தான் இரண்டு மடங்கு ஆகும், பெல்ட்டும் சுவிட்சும் சூடேறும். யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

தெரிந்துகொண்டவள் நீ. ஒரு மணிக்குச் சாப்பாடு கொண்டுவந்த இடத்தில், தூக்கைக் கீழே வைக்காமலே கேட்டாய், "மெஷினு ஏன் போயிப் போயித் திரும்பி வர்து? முன்னல்லாம் இப்பிடிச் சத்தம் கேக்காதே." இது புது முறை, இப்போது எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்றேன். நீ என் முகத்தையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சோற்றைப் போட்டாய்.

கிளியனூர் கோதண்டம் வந்தது அதற்கு ஒரு வாரம் கழித்து. டிராக்டரில் மாட்டி ஊர் ஊராக இழுத்துப் போகிற மல்லாட்டைத் தோலை உடைத்துக் கடலை எடுக்கும் மெஷின் வைத்திருந்தாரே, அவர்தான். சீசன் நேரம். மெஷினின் முக்கியமான ஷாஃப்ட்டு ஒடிந்துவிட்டது. புது ராடு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். முனையில் இஞ்சுக்கு ஏழு என்று மரை போட வேண்டும். ஸ்டூலை இழுத்துப் போட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டார். நான் கடைந்து முடித்து, மரையில் மூன்று ஓட்டம் ஓட்டியிருப்பேன், சுவிட்சிலிருந்து புகை வந்தது. முன்னும் பின்னுமாக அதைப் போட்டு வதைத்ததில் உள்ளே கருகிப்போயிருந்தது. வயரை நேராக இணைத்தால் மெஷின் முன்பக்கம் ஓடும். பின்பக்கம் ஓடாது. புது சுவிட்சு சென்னையிலிருந்துதான் வர வேண்டும்.

நியாயமாக அந்த இடத்திலேயே நிறுத்தியிருக்க வேண்டும். கோதண்டம் வாசலில் இருந்தார், அவருடைய மெஷினுக்காக நாலு ஊரில் மல்லாட்டை காத்திருந்தது. டயலைப் பார்த்தே போட்டுவிடலாம் என்று துணிந்தேன். வட்டத்தின் மேல் முகத்தை வைத்துக் குனிந்து, மனதுக்குள் எண்ணி, குருட்டு நம்பிக்கையில் லீவரைப் போட்டேன். இரண்டு முறை சரியாக இறங்கியது. மூன்றாவது முறை டூல் ராடைத் தொட்டதும் மென்மையாகச் சீறுவதற்குப் பதிலாகக் கறகறவென்று கத்தியது. நிறுத்துவதற்குள் பாதி மரையை உழுதுவிட்டது. அந்த நேரம் பார்த்து நீ தூக்கோடு உள்ளே வந்து நின்றாய்.

கோதண்டம் எழுந்து வந்து பார்த்தார். நான் ராடின் மேல் பழியைப் போட்டேன். ராடு சரியில்லை, உள்ளே ஓட்டை இருந்திருக்கிறது, வேறு ராடு நானே வாங்கி இரண்டு நாளில் முடித்துத் தருகிறேன் என்றேன். இத்தனை வருஷத் தொழிலில் நான் வேலைக்கு வந்தவரிடம் சொன்ன முதல் பொய். அவர் தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அவர் போனதும் நீ அந்த ராடை எடுத்து நகத்தால் மெல்ல வருடிப் பார்த்தாய். "ஓட்ட எங்க இருக்குது?" என்றாய். நீ சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தாய், வாசல் பக்கம் போய் நின்றாய், கையை உயர்த்தி இது எத்தனை விரல் என்று கேட்டாய். இரண்டு என்றேன்.

"எண்ணு சரிதான்" என்றாய். "ஆனா இது வெரல் இல்ல, முருங்கக்கா."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நீ சிரித்துவிட்டாய். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்கவில்லை, மூக்கை உறிஞ்சிய சத்தத்தில் தெரிந்துகொண்டேன். அன்று சோறு ஆறிப்போகும் வரை எல்லாவற்றையும் சொன்னேன். பல்பு, உன் அண்ணன், மெஷினைத் திருப்பி ஓட்டியது எல்லாம். யாரிடமும் சொல்லிவிடாதே என்று கெஞ்சினேன். விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாய். சீசன் முடியட்டும் என்றேன். நீ கேட்டது ஒன்றுதான், "அது வரைக்கும் ராடு மேலயே சொல்லிக்கினு இருப்பீங்களா?"

மறுநாள் காலை நீ பட்டறைக்கு வந்த கோலம் இன்னும் மறக்கவில்லை. கூந்தலை இறுக்கிக் கொண்டை போட்டு, புடவைக்கு மேல் என்னுடைய பழைய காக்கிச் சட்டையை மாட்டி, முந்தானையை உள்ளே செருகி, வளையலைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தாய். கையில் சுதாவின் நெயில்பாலிஷ் பாட்டில். டயலைத் துணியால் துடைத்துவிட்டு, எண் போட்ட நாலு கோட்டிலும் சிவப்பைத் தீட்டினாய். பட்டறை முழுக்க அந்த வாசனை. மெஷினில் ஊற்றும் கூலன்ட்டு வாசனையோடு அது கலந்ததைத்தான் நேற்று நான் கட்டிலில் படுத்தபடி முகர்ந்தேன்.

சிவப்பு எனக்கு மங்கலாகத் தெரிந்தது. ஆனால் எந்த நொடியில் குறிக்கு நேராக வருகிறது என்று தெரியவில்லை. அப்போது நீ சொன்னாய், நான் பார்த்துச் சொல்கிறேன், நீங்கள் கையை மட்டும் பாருங்கள் என்று. எனக்குக் கோபம் வந்தது. இது என்ன கோலமா, நீ பார்த்துச் சொல்ல என்றேன். கோலத்தில் ஒரு புள்ளி தப்பினால் அழித்துவிட்டுப் போடலாம், இதில் அதுகூட முடியாது என்று தெரிந்துதான் வந்திருக்கிறேன் என்றாய்.

பழைய ராடு ஒன்றை மாட்டிப் பழகினோம். முதலில் ஒன்றும் சரிவரவில்லை. சிவப்பு நேராக வந்ததும் "போடுங்க" என்றாய். அதைக் கேட்டு என் கை லீவரை அழுத்துவதற்குள் கோடு நகர்ந்துவிட்டது. லீவர் பாதியில் முட்டிக்கொண்டு நின்றது. நாலைந்து தடவை அப்படியே. நீ டயலையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு, சின்ன வயதில் கண்டமங்கலத்தில் பெண்கள் இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்துச் சுற்ற, நடுவில் போய்க் குதிப்பதைச் சொன்னாய். "கயிறு கீழ வந்தப்பறம் குதிச்சா கால்ல மாட்டிக்கும். வர்றதுக்கு முன்னயே கௌம்பணும்." அதன் பிறகு "வர்து, வர்து" என்று சொல்லிக்கொண்டே வந்து, கோடு குறியைத் தொடுவதற்கு ஒரு கண்ணிமைப்பு முன்னால் "ம்" என்றாய். என் கை அதைக் கேட்டு விழுந்தபோது லீவர் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. மத்தியானத்துக்குள் நாலு ராடு மரை போட்டு முடித்தோம். ஒன்றுகூடத் தப்பவில்லை.

கோதண்டம் சொன்ன நாளில் வந்தார். சுவிட்சு இன்னும் வரவில்லை. புது ராடைக் கடைந்து வைத்திருந்தேன். அவர் அதே ஸ்டூலில் உட்கார்ந்து, நீ காக்கிச் சட்டையோடு நிற்பதை விசித்திரமாகப் பார்த்தார். மரையை ஆரம்பித்தோம். வர்து, வர்து, ம். முதல் ஓட்டம் சரி. இரண்டாவது சரி. ஐந்தாவது ஓட்டத்துக்கு வண்டியை உருட்டிக்கொண்டு வந்து, கையை லீவரில் வைத்துக் காத்திருந்தேன். உன்னிடமிருந்து சத்தமே இல்லை. மங்கலான சிவப்பு ஒன்று வந்து போனது. இன்னொன்று வந்து போனது. நிமிர்ந்து பார்த்தேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாய்.

"விழுப்புரத்துக்கு வர்றீங்களா இல்லியா?"

கோதண்டம் பத்தடி தூரத்தில் இருந்தார். வேலை முடிந்ததும் பேசலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். இப்போதே சொல்லுங்கள் என்றாய். இப்படி நின்றால் வேலை கெட்டுவிடும் என்று மிரட்டினேன். நீ அசையவில்லை. "ஒண்ணும் கெடாது. லீவரு தொறந்துதான் இருக்குது. டயலு பாட்டுக்குச் சுத்தும்" என்றாய்.

அது உண்மை. எவ்வளவு நேரம் சுற்றினாலும் ஒன்றும் ஆகாது. இரண்டே நாளில் இந்த மெஷினை நீ அந்த அளவுக்குப் புரிந்துகொண்டிருந்தாய். கோபத்துக்கு நடுவிலும் எனக்குப் பெருமையாக இருந்தது, அதை அன்று காட்டிக்கொள்ளவில்லை. டயல் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றியது. கோதண்டம் ஸ்டூலிலிருந்து எட்டிப் பார்க்க ஆரம்பித்தார். சரி, வருகிறேன் என்றேன். எப்போது என்றாய். திங்கட்கிழமை என்றேன்.

"ம்" என்றாய்.

அப்பாடா, ஒத்துக்கொண்டாள் என்று மூச்சு விட்டேன். லீவரைப் போடவில்லை.

"அந்த ம் மெஷினுக்குங்க" என்றாய். "கோடு போயிடுச்சி. அடுத்ததுக்கு இருங்க."

அதற்குப் பிறகு ஒரு கோடுகூடத் தப்பவில்லை. பன்னிரண்டாவது ஓட்டத்தில் மரை முடிந்தது. நட்டை எடுத்து வைத்தேன். ஒரு விரலால் சுற்ற, கடைசி வரைக்கும் தடங்கல் இல்லாமல் ஓடியது. கோதண்டத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் நட்டை இரண்டு முறை போட்டு எடுத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் நினைத்த நேரத்தில் நீ அவர் முன்னால் வந்து நின்றாய். போன தடவை ராடின் மேல் தப்பில்லை, இவருக்குக் கண் மங்கலாக இருக்கிறது, கோட்டை மாற்றிப் போட்டுவிட்டார் என்று சொன்னாய்.

"இன்னாது?" என்றார் கோதண்டம்.

நீ இன்னொரு முறை சொன்னாய். அவர் காதுக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு, கொஞ்சம் சத்தமாகச் சொல்லச் சொன்னார். நீ குரலை உயர்த்தினாய். அப்போதும் அவருக்கு விளங்கவில்லை. மூன்றாவது தடவை நீ தொண்டையைத் திறந்து, எனக்குக் கண் தெரியவில்லை என்பதை மரக்காணம் ரோட்டுக்கே கேட்கும்படி சொன்னாய். எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு வெளியே வந்தார்கள். ஒரு வருஷமாக நான் பொத்திப் பொத்தி வைத்தது அரை நிமிஷத்தில் ஊர்ப் பேச்சாகிவிட்டது.

நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன். கோதண்டம் என் தோளைத் தட்டினார். அன்றைக்கு நான் என்ன சொன்னேன் என்பதே அவருக்குக் கேட்கவில்லையாம். ஏதோ ஆகிவிட்டது, இரண்டு நாளில் தருவேன் என்று விரலைக் காட்டியதை மட்டும் வைத்துக்கொண்டு தலையை ஆட்டியிருக்கிறார். "மல்லாட்ட மெஷினு சத்தத்துல எங் காது போயி மூணு வருசம் ஆவுது. வூட்ல சொல்லல. சொன்னா மெஷின எம் மச்சான் கையில குடுத்துடுவாங்க" என்றார். நான் இரண்டு நாள் தூக்கமில்லாமல் சுமந்த பொய்யை, சொல்லப்பட்டவர் கேட்கவே இல்லை. நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். எனக்கும் அடக்க முடியவில்லை. நாம் எதற்குச் சிரிக்கிறோம் என்று கேட்காமலே கோதண்டமும் சேர்ந்து சிரித்தார்.

திங்கட்கிழமை விழுப்புரம் பஸ்ஸில் நாம் இரண்டு பேர் போக வேண்டியது மூன்று பேராகப் போனோம். கண்ணுக்கு நான், காதுக்கு அவர், இரண்டு பேரையும் மேய்க்க நீ. கண்டக்டர் திண்டிவனத்திலேயே டிக்கெட் கேட்டபோது கோதண்டத்துக்குக் கேட்கவில்லை, எனக்குச் சில்லறை தெரியவில்லை. இப்படி இரண்டு உருப்படிகளை எங்கேம்மா கூட்டிக்கொண்டு போகிறாய் என்று அந்தக் கண்டக்டர் உன்னைக் கேட்டதை நீ வருஷக்கணக்கில் சொல்லிச் சிரித்தாய்.

கண்ணில் புரை, நன்றாக முற்றிவிட்டது, ஒரு வருஷம் முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். முதலில் வலது கண். ஒரு மாதம் விட்டு இடது கண். கட்டைப் பிரித்த மறுநாள் காலையில் நீ காப்பி கொண்டுவந்து கொடுத்தாய். நான் காப்பியை வாங்காமல் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்கு இவ்வளவு நரை எப்போது வந்தது என்று கேட்டேன். "நீங்க பாக்காதப்பதான்" என்றாய்.

இரண்டு ஆபரேஷனுக்கும் சேர்த்து ரொம்ப நாள் குனியக்கூடாது, தூசி படக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பட்டறையைப் பூட்டிவிடலாம் என்றேன். பூட்டுச் சாவியை நீ இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினாய். நான் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசல் ஸ்டூலில் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். நீ மெஷினில் நிற்பாய். இப்போது பார்ப்பதும் நீ, லீவரைப் போடுவதும் நீ. ஆனாலும் உன்னை அறியாமலே "வர்து, வர்து, ம்" என்று உனக்கு நீயே சொல்லிக்கொண்டாய். நீ தனியாகப் போட்ட முதல் மரை, இரும்புக் கேட்டின் கீலுக்கு ஒரு சாதாரண போல்ட்டு. நட்டு அதில் ஏறியதும் அதைக் கழற்றி மறுபடி ஏற்றி, மறுபடி கழற்றி, அரை மணி நேரம் அதையே செய்துகொண்டிருந்தாய். வாங்க வந்தவர் எனக்குக் கொடுப்பீர்களா மாட்டீர்களா என்று கேட்டார்.

என் கண் சரியான பிறகும் நீ மெஷினை விடவில்லை. கடைவது நான், மரை போடுவது நீ என்று ஆகிவிட்டது. அக்கா போட்ட மரைதான் வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் வந்தார்கள். உன்னிடம் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். சேற்றோடு ராடு கொண்டுவந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி, கழுவிக்கொண்டு வரச் சொல்லி விரட்டினாய். கடைசி வரை டூலைச் சாணை பிடிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. மழுங்கியதும் ராணி மாதிரி என் பக்கம் நீட்டுவாய். சாணை பிடித்துக் கொடுத்தால் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, பரவாயில்லை என்பாய்.

போன கார்த்திகையில், மழை விட்டிருந்த ஒரு காலையில், நெஞ்சை அடைக்கிறது என்றாய். ஆட்டோவில் என் தோளில் சாய்ந்துகொண்டாய். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான். அதைப் பற்றி எழுத இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கவில்லை. காரியத்துக்கு வந்த கோதண்டம் காதில் மாட்டியிருந்த மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெகுநேரம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு மாதம் பட்டறையைத் திறக்கவில்லை. பிறகு திறந்தேன். இப்போது தினமும் திறக்கிறேன். வேலை வருகிறது. சுதா ஞாயிறுதோறும் வந்து சாம்பார் வைத்துவிட்டுப் போகிறாள், உப்பு உன் கை மாதிரியே தூக்கல்.

போன மாதம் நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். வல்லத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயது இருக்கும். கிணற்று மோட்டாருக்கு ஷாஃப்ட்டு. நல்ல ராடு, புது ராடு, அவரே பார்த்து வாங்கியிருந்தார். இஞ்சுக்கு ஒன்பது. எனக்குக் கண் இப்போது பளிச்சென்று தெரிகிறது, டயலில் ஒரு தூசி இருந்தாலும் தெரியும். ஆனாலும் எட்டாவது ஓட்டத்தில் மனது எங்கோ போய்விட்டது. எங்கே என்று கேட்காதே. எண் இல்லாத கோட்டில் லீவரைப் போட்டுவிட்டேன். கறகறவென்று கத்தியது. நிறுத்தினேன்.

அந்த அம்மா வந்து எட்டிப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. "ராடு மட்டமான ராடுங்களா? கடக்காரன் ஏமாத்திட்டானா?" என்று அவராகவே கேட்டார்.

பொய்யை அவரே எடுத்து என் கையில் கொடுத்தார். ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை. பட்டறையில் நானும் அவரும் மட்டும்தான்.

"ராடு நல்ல ராடுதாம்மா. நான்தான் கோட்ட மாத்திப் போட்டுட்டேன்" என்றேன். "எங்கிட்ட ஒரு ராடு இருக்குது. சாயங்காலத்துக்குள்ள முடிச்சிக் குடுத்துடறேன்."

ஒரு வருஷம் பயந்து பயந்து ஒளித்துத் திரிந்தவன் நான். இப்படி ஒரு வார்த்தை என் வாயிலிருந்து தயங்காமல் வந்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நீ விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது இதுதான் என்று நினைக்கிறேன். தப்பைச் சொன்னால் ஊர் இடிந்து விழுந்துவிடாது, திட்டுத்தான் விழும்.

திட்டு விழுந்தது. நிலத்தில் பயிர் காய்கிறது, மூன்று பஸ் மாறி வந்திருக்கிறேன், வேலை செய்கிற இடத்தில் புத்தி எங்கே போகிறது, இந்த வயதில் இப்படி அஜாக்கிரதையாக இருந்தால் எப்படி என்று நிறுத்தாமல் பொழிந்தார். இடுப்பில் ஒரு கை, இன்னொரு கையை மெஷினை நோக்கி நீட்டி நீட்டி. நான் வேறு ராடை மெஷினின் சக்கில் மாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் குரலும் அந்த வேகமும் உன்னுடையது மாதிரியே இருந்தன. என்னை அறியாமல் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்க வேற செய்றீங்களா?" என்று அவர் இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துத் திட்டினார்.

மெஷினை ஓட விட வேண்டிய நேரம். ஓட விட்டால் சத்தத்தில் அவர் பேசுவது கேட்காது. சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் திட்டட்டும் என்று சும்மா நின்றிருந்தேன்.